புதுப்பிப்பு: கல்லடி ஊரில் எங்கள் தேசிமரம் (எலுமிச்சை) தளிர்த்துவிட்டது

போன மாதம் கேட்டிருந்தேனே, தினமும் பின்னேரம் தண்ணீர் ஊற்றியும் எங்கள் தேசிமரம் இலை சுருண்டு நிற்கிறது என்று. நீங்கள் சொன்னபடி மண்ணைத் தோண்டிப் பார்த்தேன். மேலே இரண்டு அங்குலம்தான் ஈரம், அதற்குக் கீழே மணல் மாவாட்டம் உதிர்ந்தது, பாவம் வேருக்கு ஒன்றுமே போய்ச் சேரவில்லை. இப்போது மூன்று நாளைக்கு ஒருதரம், விடியற்காலையில், அடிமரத்தை விட்டு இலை விரிந்திருக்கும் விளிம்புக்கு நேர்கீழே வட்டமாகப் பாத்தி கட்டி மூன்று வாளி மெதுவாக ஊற்றுகிறேன். கச்சான் என்கிற வறண்ட காற்றுக்கு மண் காயாமல் பொச்சுமட்டையும் (தேங்காய் மட்டை) பரப்பினேன், அதுவும் அடிமரத்தில் முட்டாமல். நேற்று நுனியில் செம்பு நிறத்தில் நாலு தளிர்! சட்டிச் செடிகளுக்கு இந்தக் கணக்கு வேண்டாம், விரலை விட்டுப் பார்த்துக் காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள்.