எடையற்ற நிலையில் பொருள்கள் மிதந்து போகாத பணிமேசையை எப்படி வடிவமைப்பது?

வடிவமைப்பு மாணவி:

வணக்கம். என் இறுதியாண்டுத் திட்டத்துக்காக, பன்னாட்டு விண்வெளி நிலையம் போன்ற ஓரிடத்தில் ஒருவர் சிறிய மின்னணுப் பெட்டியைப் பிரித்துப் பழுதுபார்ப்பதற்கேற்ற பணிமேசையை வடிவமைத்து வருகிறேன். மேசைப் பரப்பு முழுவதும் வெல்க்ரோவை (ஒரு பாதி மறுபாதியைப் பற்றிக்கொள்ளும், இழுத்தால் பிரியும் நாடா) ஒட்டி, ஒவ்வொரு கருவியின் அடியிலும் அதன் மறுபாதியை வைத்துவிட்டால் எதுவும் மிதந்து போகாது என்பதே என் முதல் வரைவு. அதைப் பார்த்த என் வழிகாட்டி, "திருப்புளி நிற்கும்; அது கழற்றிய திருகாணி எங்கே நிற்கும்?" என்று கேட்டார். காந்தத் தட்டு வைக்கலாம் என்றேன். துருப்பிடிக்காத எஃகிலும் டைட்டானியத்திலும் செய்த திருகாணிகள் பெரும்பாலும் காந்தத்தில் ஒட்டா என்று சொல்லி வரைபடத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். இந்தச் சிக்கலை விண்வெளியில் உண்மையில் எப்படிக் கையாள்கிறார்கள் என்பதை அறிந்தவர்கள் விளக்கினால் மிகவும் நன்றியுடையவளாக இருப்பேன்.

இயந்திர வடிவமைப்பாளர்:

உங்கள் வழிகாட்டி சரியான இடத்தைத் தொட்டிருக்கிறார். இதற்கு நான் அறிந்த மிகச் சிறந்த விடை, பூமியைச் சுற்றிவரும் ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியில் இருக்கிறது.

ஒளியை நிறங்களாகப் பிரித்து ஆராயும் அதன் நிறமாலைமானி ஒன்று 2004இல் செயலிழந்தது. விண்வெளியில் பிரித்துப் பார்ப்பதற்கென்று செய்யப்படாத கருவி அது. உள்ளே இருந்த மின்வழங்கி அட்டையை மாற்ற வேண்டுமானால், நூற்றுக்கும் மேற்பட்ட சிறு திருகாணிகளால் இறுக்கப்பட்ட மூடியை, விண்வெளி உடையின் தடித்த கையுறையோடு திறந்தாக வேண்டும். தப்பிய ஒரு திருகாணிகூடத் தொலைநோக்கிக்குள் புகுந்து கேடு செய்யலாம். 2009 மே மாதம் விண்வெளி வீரர் மைக் மாசிமினோ அந்த வேலையைச் செய்தபோது, முதலில் அந்த மூடியின் மேலேயே, அதற்கென்று செய்த, ஒளி ஊடுருவும் தட்டு ஒன்றைப் பொருத்தினார். அந்தத் தட்டில் ஒவ்வொரு திருகாணிக்கும் நேராக ஒரு துளை இருந்தது. திருப்புளியின் முனை அந்தத் துளை வழியே உள்ளே போகும். திருகாணியின் தலை வெளியே வராது. கழன்ற திருகாணிகள் அனைத்தும் தட்டுக்கும் மூடிக்கும் இடையிலேயே சிறைப்பட்டன. கடைசியில் மூடியும் தட்டும் திருகாணிகளும் ஒரே பொருளாகக் கையோடு வந்தன.

அன்று அவரைத் திணறடித்தது அந்த நூறு திருகாணிகள் அல்ல. தட்டைப் பொருத்துவதற்கு முன் அகற்ற வேண்டியிருந்த கைப்பிடிக் கம்பியின் திருகாணி ஒன்று தலை தேய்ந்து கழல மறுத்தது. கடைசியில் கம்பியைக் கையால் பிடுங்கி எடுக்க வேண்டியதாயிற்று. எளிது என்று நாம் கவனிக்காமல் விடும் பகுதியில்தான் இப்படி நேர்கிறது.

ஆகவே, மேசையை வரைவதற்கு முன் அந்த மின்னணுப் பெட்டியை வரையுங்கள். முழுவதும் தளர்த்திய பிறகும் மூடியை விட்டுப் பிரியாத திருகாணிகளைப் பயன்படுத்தினால், மேசை பிடித்துவைக்க வேண்டிய பொருள்களின் எண்ணிக்கையே பெரிதும் குறைந்துவிடும்.

பாதுகாப்புப் பொறியாளர்:

மேலே சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். வெல்க்ரோவைப் பற்றி மட்டும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். 1967 ஜனவரி 27 அன்று அப்போலோ 1 விண்கலத்தின் ஏவுதள ஒத்திகையின்போது தீப்பிடித்து விண்வெளி வீரர் மூவர் இறந்தனர். அழுத்தம் ஏற்றிய தூய ஆக்சிஜன் நிரம்பியிருந்த அந்தக் கலத்தின் அறைக்குள் சுமார் 34 சதுர அடி வெல்க்ரோ ஒட்டப்பட்டிருந்தது. இன்றைய நிலையத்தின் காற்று நம் காற்றைப் போன்றதே என்றாலும், வெல்க்ரோவைச் சிறு சிறு துண்டுகளாக, தீ ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவாதபடி இடைவெளி விட்டு ஒட்ட வேண்டும் என்ற கட்டுப்பாடு இருக்கிறது. மேசை முழுவதும் விரிக்கும் உங்கள் வரைவு அங்கேயே நின்றுவிடும்.

மேலும், மேசைக்கு முன்னால் இருக்கும் மனிதரை உங்கள் வரைவில் காணவில்லை. திருப்புளியை வலப்பக்கம் திருகினால், பிடிப்பில்லாத உடல் இடப்பக்கம் சுழலும். எனவே முதலில் நிலைநிறுத்த வேண்டியது அவரைத்தான். அதற்காகத்தான் நிலையமெங்கும் கால்விரல்களை நுழைத்து நிற்கக் கம்பிகள் வைத்திருக்கிறார்கள். அங்கே மாதக்கணக்கில் இருப்பவர்களுக்கு உள்ளங்கால் மென்மையாகி, புறங்காலில் தோல் காய்த்துப்போகிறது. நாற்காலி வைத்துவிடாதீர்கள். எடையின்மையில் உடல் தானாகவே முழங்கால் மடிந்து, கைகள் முன்னே மிதந்து, தலை சற்றுக் கவிழ்ந்த நிலைக்கு வந்துவிடும் என்பது 1973–74இல் அமெரிக்காவின் ஸ்கைலேப் விண்வெளி நிலையத்தில் அளந்து அறியப்பட்டது. அந்த உடலைப் பூமியின் நாற்காலியில் பொருத்தி வைக்க, வயிற்றுத் தசைகள் ஓயாமல் உழைக்க வேண்டியிருக்கும். மேசையின் உயரத்தையும் சாய்வையும் அந்த இயல்பான நிலைக்கு ஏற்பவே அமையுங்கள்.

ஆய்வகப் பணியாளர்:

நான் விண்வெளித் துறையைச் சேர்ந்தவன் அல்லன். நாள்தோறும் நுண்ணிய பாகங்களோடு வேலை செய்பவன் என்ற முறையில் இரண்டு செய்திகளைச் சேர்க்கிறேன்.

நிலையத்தில் வெப்பக் காற்று தானாக மேலெழாது என்பதால் மின்விசிறிகள் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும். கைவிட்ட பொருள் அந்த மெல்லிய காற்றோட்டத்தில் நகர்ந்து, பெரும்பாலும் காற்றை உள்ளிழுக்கும் வலையில் போய் ஒட்டிக்கொள்ளும். பொருள் தொலைந்தால் அங்கேயே முதலில் தேடுவார்கள். ஆனாலும், விண்வெளி வீரர் ஃபிராங்க் ரூபியோ பையில் இட்டு வைத்துத் தொலைத்த, அங்கேயே விளைந்த தக்காளி பல மாதங்கள் கழித்து 2023 டிசம்பரில்தான் அகப்பட்டது. மேசையின் ஒரு விளிம்பில் இப்படியோர் உறிஞ்சு வலையை நீங்களே வைத்தால், தப்பும் திருகாணி போய்ச் சேரும் இடத்தை நீங்களே தீர்மானித்ததாகும்.

அடுத்தது பழக்கம். இந்திய விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லா 2025இல் நிலையத்திலிருந்து திரும்பிய பிறகு, மடிக்கணினியை மூடி, மிதக்கும் என்ற நினைப்பில் கட்டிலருகே அப்படியே விட்டதாகவும், கீழே தரைவிரிப்பு இருந்ததால் அது தப்பியதாகவும் சொன்னார். பதினெட்டு நாள்களிலேயே கை அப்படிப் பழகிவிடுகிறது. அங்கே பொருளைக் காற்றில் விடுவது எளிது. விட்டதை மறப்பது அதைவிட எளிது. ஆகையால், பக்கத்துக் காற்றில் விடுவதைவிட உங்கள் பிடிப்பானில் செருகுவது விரைவாக இருக்க வேண்டும், அதுவும் ஒரே கையால், கண் பார்க்காமல். மறுகை எப்போதும் எதையாவது பற்றிக்கொண்டிருக்கும்.

வடிவமைப்பு மாணவி:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பெட்டியின் மூடியையும் துளைத் தட்டையும் முதலில் வரைகிறேன். வெல்க்ரோ நான்கைந்து சிறு துண்டுகளாகக் குறைகிறது. ஓர் ஐயம் மட்டும் மிஞ்சுகிறது: எடையின்மை இல்லாத எங்கள் கல்லூரிப் பட்டறையில் இதை எப்படிச் சோதிப்பது?

இயந்திர வடிவமைப்பாளர்:

மாதிரியைத் தலைகீழாகத் தொங்கவிட்டு, கீழே நின்றபடி முழு வேலையையும் ஒரு கையால் செய்து பாருங்கள். தரையில் விழுபவை அனைத்தும் அங்கே மிதந்து போகக்கூடியவை. ஆனால் பைகளின் நடத்தையை இந்தச் சோதனை காட்டாது. இங்கே பையின் அடியில் அடங்கிக் கிடக்கும் பத்துப் பொருள்கள், அங்கே திறந்தவுடன் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வாய்க்கு வந்துவிடும். எனவே சிறு பாகங்களுக்குப் பொதுப் பை வேண்டாம். ஒன்றைத் திறக்கும்போது மற்றவை மூடியே இருக்கும்படி, ஒவ்வொன்றுக்கும் உள்ளே தெரியும் தனி அறை கொடுங்கள்.