குஷன் வச்ச கதிரைக்குத் தமிழ்ல என்ன சொல்லு?

வெள்ளவத்தையிலிருந்து:

எல்லாருக்கும் வணக்கம். சனிக்கிழமை உயர்தரப் பொருளியல் வகுப்புக்குக் குறிப்பு அடிச்சுக்கொண்டிருக்கிறன், வெள்ளி பின்னேரத்துக்குள்ள போட்டோக்கொப்பிக்குக் குடுக்கவேணும். விசயம் அமெரிக்கா இறக்குமதித் தளபாடத்துக்குப் போட்ட தீர்வை, 2025 ஒக்டோபர் 14 இலயிருந்து நடைமுறையில இருக்கு. மரச்சட்டத்தில குஷன் வச்சுத் தைச்ச கதிரை, செற்றிக்கு 25 வீதம், குசினி அலுமாரிக்கும் 25, பிரித்தானியாவிலயிருந்து போற சாமானுக்கு மட்டும் 10, ஐரோப்பிய ஒன்றியம் ஜப்பான் எண்டா 15 க்கு மேல இல்லை. வெறும் பலகைக் கதிரை இந்தக் கட்டளைக்குள்ள வராது. அப்ப வித்தியாசமே அந்தக் குஷன்லதான் கிடக்கு, அதுக்கு ஒரு சொல் இல்லாமல் நான் என்னெண்டு எழுதுறது? போன கிழமை வாயில வந்தபடி 'மெத்தைத் தளபாடம்' எண்டிட்டன், பின் வாங்கிலயிருந்து ஒரு பிள்ளை "அப்ப கட்டில் மெத்தைக்கும் 25 ஆ சேர்?" எண்டு கேட்டுது. எனக்கு உடன பதில் வரேல்லை.

கொட்டாஞ்சேனையிலிருந்து:

தம்பி, முதல்ல 'தீர்வை'யைத் திருத்துங்கோ, பிறகு கதிரையைப் பாப்பம். வள்ளுவர் வேந்தன்ர பொருளைச் சொல்லேக்க 'உறுபொருளும் உல்கு பொருளும்' எண்டுதானே சொன்னார்? பரிமேலழகர் அந்த உல்குக்குச் சுங்கம் எண்டு உரை எழுதி, கலத்தினும் காலினும் வரும் பண்டங்கட்கு இறை எண்டு விளக்கமும் தந்திட்டார். கப்பல்ல வந்தாலும் தரையால வந்தாலும் சாமானுக்குப் போடுற இறை, இதைவிடத் துல்லியமா இறக்குமதி வரிக்கு ஆர் வரைவிலக்கணம் சொல்லுவினம்? பட்டினப்பாலையிலயும் புலி முத்திரை குத்தி உல்கு வாங்கின காட்சி இருக்கு. ரெண்டெழுத்தும் ஒரு புள்ளியும், எவ்வளவு சின்னச் சொல்லு. கதிரைக்கு 'பொதியணை' எண்டு போடலாம், பொதிதல் எண்டா உள்ள அடைச்சு மூடுறது.

தெஹிவளையிலிருந்து:

ஐயா, உல்குவும் வடமொழி சுல்கத்தில இருந்து வந்ததுதான் எண்டு சொல்லுற ஆக்களும் இருக்கினம், அந்தச் சண்டைக்கு நான் வரேல்லை. ஆனா சுங்கத் திணைக்களம், சுங்கத் தீர்வை எண்டு போர்டிலயும் படிவத்திலயும் பாத்துப் பழகின சனத்துக்கு உல்கு எண்டா அகராதி தேடவேணும். தூய்மை எண்டு தொடங்கினா கதிரை, மேசை, அலுமாரி மூண்டையும் போர்த்துக்கீசனுக்குத் திருப்பிக் குடுக்கவேணும், பிறகு எதில இருந்து எழுதுறது?

மெத்தை மட்டும் வேண்டாம் தம்பி, அந்தப் பிள்ளை கேட்டது சரியான கேள்வி. சுங்கக் குறியீட்டில 94 ஆம் அத்தியாயம் பாருங்கோ, இருக்கையள் 9401, மெத்தை தலையணையள் 9404. தனியா விக்கிற குஷனும் 9404 தான். ஆனபடியா 'அணை' எண்டு முடியிற எந்தச் சொல்லும் ஆளை வேற தலைப்புக்குக் கொண்டுபோயிடும், பொதியணையும் சேத்துத்தான்.

சென்னையிலிருந்து:

நீங்க தளபாடம்னு எழுதுறதை இங்க படிச்சா ராணுவத் தளவாடம்னு நினைப்பாங்க. எங்க பக்கம் அறைகலன்னு அரசே எழுதுது, தூத்துக்குடியில வர்றது அறைகலன் பூங்காதான். மெத்தென்று இருக்கிறதாலதான் மெத்தை, ஆண்டாள்கூட 'மெத்தென்ற பஞ்ச சயனம்'னு பாடியிருக்காங்க, அதனால 'மெத்தறைகலன்' சரியா வரும்.

தெஹிவளையிலிருந்து:

கலன் எண்டா எங்கட பிள்ளையளுக்குக் குண்டான் சட்டிதான் நினைவு வரும். மன்னிச்சுக்கொள்ளுங்கோ, இங்க பாடப்புத்தகத்தில தளபாடம்தான், சோதனைத்தாளிலயும் அதுதான்.

வெள்ளவத்தையிலிருந்து:

நேற்று மொறட்டுவைக்குப் போய் ஒரு பட்டறையில நிண்டு பாத்தன். சட்டம் தனியாச் செய்து, குறுக்கால நாடா இழுத்து, ஸ்பொஞ்சை வெட்டி ஒட்டி, மேல சீலையை இழுத்துப் பிடிச்சு அடியில ஆணி அடிக்கிறார் அந்த ஆள். சீலையைக் கழட்டினா கதிரையே இல்லை, வெறும் சட்டம்தான். எப்பிடிச் சொல்லுவியள் எண்டு கேட்டன், தமிழ்ல "குஷன் வேலை" எண்டார். ஆக, 'குஷன் வேலைத் தளபாடம்' எண்டு போடப்போறன். குஷன் எண்ட பொருளைக் குறிக்கேல்லை, செய்யிற வேலையைக் குறிக்குது, ஆனபடியா 9404 ஓட குழம்பாது.

குஷன் வச்ச கதிரை, செற்றிக்கான தீர்வையை 2026 ஜனவரி முதலாம் திகதி 30 வீதம் ஆக்க இருந்ததை ஒரு வருசம் தள்ளி வச்சதையும் குறிப்பில சேத்திருக்கிறன்.

தெஹிவளையிலிருந்து:

எனக்குச் சரி. கொப்பிக்குக் குடுங்கோ.

சென்னையிலிருந்து:

உங்க வகுப்புக்கு அதுவே இருக்கட்டும். அறைகலனை நான் விடப்போறதில்ல.

கொட்டாஞ்சேனையிலிருந்து:

குஷனை அச்சில ஏத்துறதுக்கு என்ர சம்மதம் இல்லை, அதைப் பதிஞ்சு வையுங்கோ. தீர்வை எண்டு வாற முதல் இடத்தில அடைப்புக்குள்ள 'உல்கு' எண்டாவது போடுங்கோ தம்பி, ஒரு பிள்ளையாவது பாக்கட்டும்.

வெள்ளவத்தையிலிருந்து:

போட்டிட்டன் ஐயா, முதல் வரியிலயே.