கிம்சன் தம் கையால் இழைத்தாரா?

தச்சன் மகன்:
"எர்னஸ்ட் கிம்சன் தம் கையாலேயே இழைத்த ஓக் அலமாரி" என்று பழம்பொருள் விரும்பி எழுதியிருப்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. கிம்சன் இங்கிலாந்தின் மரச்சாமான் வடிவமைப்பாளர்; அவர் வரைந்தார். இழைத்தவர்கள் சாப்பர்டன் ஊரை அடுத்த டேன்வே மாளிகைப் பட்டறையில் பீட்டர் வால்ஸின் மேற்பார்வையில் உழைத்த தச்சர்கள். உளி பிடித்தவர்களின் பெயரை மறைத்துவிட்டு வரைந்தவருக்கே முழுப் புகழையும் சூட்டுவது அநியாயம்.

பழம்பொருள் விரும்பி:
கிம்சன் 1890-இல் போஸ்பரி கிராமத்து முதியவர் பிலிப் கிளிசெட்டிடம் கடைசல் வேலை பயின்று, நாற்காலிகளைத் தாமே செய்தவர். அவருக்குக் கைத்தொழில் தெரியாது என்று சொல்ல உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

தச்சன் மகன்:
நான் அப்படிச் சொல்லவே இல்லை. அவர் கடைந்தவை ஆஷ் மர நாற்காலிகள். நான் கேட்பது ஓக் அலமாரியை. அதை இழைத்தது யார்?

கயல்:
தாமே மரம் அறுத்து, தாமே இழைத்து, உதவியாளர் இன்றி வேலையை முடித்த, கிம்சனின் நண்பர் சிட்னி பார்ன்ஸ்லியை இருவரும் மறந்துவிட்டீர்கள். வைக்கோல் வாரியின் வடிவில் குறுக்குச் சட்டம் அமைந்த அவருடைய ஓக் மேசைகளுக்கு ஈடாகக் கிம்சனின் எந்தப் படைப்பையும் நான் ஏற்கமாட்டேன்.

பழம்பொருள் விரும்பி:
நீங்கள் எந்த விவாதத்திலும் பார்ன்ஸ்லியைத்தான் இழுத்து வருகிறீர்கள். அமெரிக்காவின் குஸ்தாவ் ஸ்டிக்லியும் பெரிய தொழிற்கூடம் வைத்தே ஓக் மேசை நாற்காலிகளைச் செய்தார். அவற்றை உலகமே ஸ்டிக்லியின் படைப்பு என்றுதான் சொல்கிறது.

தச்சன் மகன்:
அங்கும் இதே அநியாயம்தான். 1903-இல் அவரிடம் சேர்ந்து, மரத்தில் உலோகமும் வண்ண மரத்துண்டுகளும் பதித்த அழகிய வடிவங்களைத் தந்த ஹார்வி எல்லிஸ் 1904 ஜனவரியில் இறந்தார். வாங்கியவர்களில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரிந்திருக்கும்? ஓக் மரத்தை அம்மோனியா ஆவியில் அடர்பழுப்பாக்கும் முறையைப் பற்றிய சென்ற விவாதத்திலும் நீங்கள் இப்படித்தான் ஸ்டிக்லிக்குத் தாவிவிட்டு, என் கேள்விக்கு விடை தராமல் சென்றீர்கள்.

பழம்பொருள் விரும்பி:
அன்று விடை தந்தேன். உங்களுக்குப் படிக்கப் பொறுமை இல்லை. வடிவமைத்தவரின் கண் இல்லையென்றால் தச்சரின் கைக்கு வேலையே இல்லை.

தச்சன் மகன்:
1919-இல் கிம்சன் மறைந்தபின் வால்ஸ் சால்ஃபர்டில் சொந்தப் பட்டறை தொடங்கி, 1937-இல் இறக்கும்வரை அதே தரத்தில் செய்துகொண்டிருந்தார். கை தனியாகவே நின்று காட்டியது. மறுபடியும் கேட்கிறேன்: அந்த ஓக் அலமாரியை இழைத்தது யார்?

பழம்பொருள் விரும்பி:
கிம்சன்.