டிமென்ஷியா இருக்குற அம்மாவுக்கு டேப்ல பசில் கேம் குடுக்கலாமா?

டீச்சர்வீட்டுப்பொண்ணு:
அம்மாவுக்கு 74 வயசு, அல்சைமர்னு டாக்டர் சொல்லி ரெண்டு வருஷமாச்சு, பேச்சு நடை எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ரிட்டையர்டு கணக்கு டீச்சர், அதனால சுடோகு ஈசியா வரும்னு நெனச்சு டேப்ல போட்டுக் குடுத்தேன், அங்கதான் சொதப்பிட்டேன். ஒரே வரிசையில ரெண்டு தடவ 7 போட்டாங்க, அது சிவப்பா மாறினதும் "எனக்கு இது தெரியும்டி, எனக்குத் தெரியும்"னு சொல்லிட்டே டேப்ப கவுத்து வெச்சுட்டாங்க. சரின்னு ஜிக்சா போட்டேன், துண்ட இழுக்கவே வரல, விரல அப்படியே அழுத்திப் புடிச்சுட்டே இருக்காங்க, என்னமோ மெனு வருது, நடுவுல "நீங்கள் வென்றுவிட்டீர்கள்"னு விளம்பரம் வேற, பயந்தே போயிட்டாங்க. அண்ணன் மட்டும் போன்லயே "தினமும் மூளைக்கு வேலை குடு, மறதி நின்னுடும்"ங்குறான். நிஜமா நிக்குமா? எந்த மாதிரி கேம் சரிப்படும்?

ராத்திரிடூட்டி:
நிக்காதுங்க. அப்பாவ ஆறு வருஷம் பாத்துக்கிட்டவன்ங்குற முறையில சொல்றேன். லூமோசிட்டி ஆப் ஞாபகம் இருக்கா? எங்க கேம் ஆடுனா வயசான மறதிய தள்ளிப்போடலாம்னு ஆதாரமில்லாம விளம்பரம் பண்ணாங்கன்னு அமெரிக்காவுல ஃபெடரல் டிரேட் கமிஷன் புடிச்சு, 2016ல 20 லட்சம் டாலர் கட்ட வெச்சாங்க. பிரிட்டன்ல எந்த நோய்க்கு என்ன சிகிச்சைன்னு டாக்டர்களுக்குச் சொல்ற நைஸ் (NICE) அமைப்போட 2018 வழிகாட்டுதலும் லேசான, மிதமான அல்சைமருக்கு சிகிச்சையா மூளைப் பயிற்சி குடுக்காதீங்கன்னுதான் சொல்லுது. ஆனா நாலு பேர் சேர்ந்து உக்காந்து பேசி, படம் பாத்து, விளையாடுற ஸ்டிமுலேஷன் தெரபி குடுங்கன்னு அதுலயே இருக்கு. அப்ப கேம்ங்குறது கூட உக்கார ஒரு சாக்கு, அவ்ளோதான். அண்ணன ஒரு வாரம் வந்து கூட உக்காரச் சொல்லுங்க, அது உருப்படியான வேலை 😄

கைவேலை:
நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அதாவது அன்றாட வேலைகள முடிஞ்சவரைக்கும் தானே செய்ய உதவுற தெரபிஸ்ட். அம்மாவுக்கு நல்லா வந்த விஷயத்துலயே கைய வெச்சதுதான் வலிச்சிருக்கு. கணக்கு டீச்சருக்கு எண்ணுல தப்பு வந்தா நம்மள விட அவங்களுக்கு நல்லாத் தெரியும். தப்புன்னு சிவப்பு காட்டாத, டைமர் ஸ்கோர் ரெண்டும் இல்லாத கேமா பாருங்க, தப்பா வெச்சா துண்டு சும்மா பழைய இடத்துக்குப் போயிடணும். ஜிக்சான்னா 4 துண்டுலேருந்து ஆரம்பிங்க, சின்னப்புள்ள கார்ட்டூன் மட்டும் வேணாம், அவமானமா எடுத்துக்குவாங்க, வீட்டு போட்டோவே போடுங்க. பேக்ரவுண்ட் ஒரே கலரா இருக்கட்டும். இழுக்குறது கஷ்டம்னா, துண்டத் தொட்டு அப்புறம் இடத்தத் தொட்டா போதும்ங்குற மாதிரி ஆப் தேடுங்க. நேத்து ஆடினது ஞாபகம் இல்லாட்டியும் கைப்பழக்கம் மெதுவா ஒட்டிக்கும், ஏன்னா அந்த ஞாபகம் மூளையில வேற வழியில போகுது, அதனால ஆப்ப மாத்திக்கிட்டே இருக்காதீங்க, ஒண்ணே ஒண்ணு. காசு குடுத்து விளம்பரம் இல்லாததா வாங்குங்க. ஐபேட்னா கைடட் ஆக்சஸ், ஆண்ட்ராய்ட்னா ஆப் பின்னிங், ரெண்டுமே ஸ்கிரீன அந்த ஆப்லயே பூட்டிடும். சாயங்காலம் குழப்பம் ஜாஸ்தியாகும் பலருக்கு, காலையிலயே 10, 15 நிமிஷம் ஆடிட்டு நிறுத்திடுங்க.
இன்னொண்ணு, லூயி பாடின்னு டிமென்ஷியாவுல வேற ஒரு வகை, அது இருக்கவங்களுக்கு உருவம், இடம் புரியுறதே சீக்கிரம் போயிடும், அவங்ககிட்ட ஜிக்சாவ நீட்டுனா எரிச்சல்தான் மிஞ்சும். அவங்களுக்குப் பாட்டு போடுங்க.

மூணாவதுமாடி:
எங்க மாமியாருக்கு டேப்பே ஆகல, கண்ணாடியில யாரோ இருக்காங்கன்னாங்க (ஸ்கிரீன்ல அவங்க முகம்தான் தெரிஞ்சிருக்கு). அட்டை ஜிக்சா வாங்கினோம், கையில புடிச்சுப் பாக்க புடிச்சிருக்கு. எல்லாமே டிஜிட்டலா இருக்கணும்னு இல்லீங்க.

டீச்சர்வீட்டுப்பொண்ணு:
எல்லாருக்கும் நன்றி. இன்னிக்கு காலையில பழைய ஃபேமிலி போட்டோவ 6 துண்டா போட்டேன். நாலு வெச்சாங்க, அஞ்சாவது துண்ட வெக்காம ரொம்ப நேரம் உத்துப் பாத்துட்டு "இவன் ஹோம்வொர்க்கே எழுத மாட்டான்"னாங்க. அதுல இருந்தது எங்க அண்ணன் மூஞ்சி 😂 அதோட எழுந்து போயிட்டாங்க, நானும் கூப்பிடல. ஆமா, ஆப் பின்னிங் எந்த செட்டிங்ல இருக்கு? செக்யூரிட்டில தேடுறேன், கண்ணுல படல.

கைவேலை:
செட்டிங்ஸ் மேல இருக்குற தேடல்ல "பின்"னு அடிங்க, வந்துடும். ஆன் பண்ணும்போது வெளிய வர பாஸ்வேர்ட் கேக்குற மாதிரி வெச்சுடுங்க.