பழைய 'புல்ஸ்ஐ' மறுஒளிபரப்பு: டார்ட்ஸ் பலகை முட்டை வடிவத்தில் தெரிகிறது

கேள்வி: பிரிட்டனின் சேலஞ்ச் சேனலில் வந்த ஜிம் போவென் தொகுத்து வழங்கிய காலத்து 'புல்ஸ்ஐ' பதிவு இது. டார்ட்ஸ், அதாவது வட்டப் பலகையில் சிறு ஈட்டி எறியும் ஆட்டத்தை வைத்த போட்டி நிகழ்ச்சி. ஆட்கள் குண்டாகத் தெரிகிறார்கள், ஈட்டி பறக்கும்போது கோடுகோடாகப் பிசிறுகிறது. டிவி கோளாறா?

பதில் 1: அமைப்புதான் கோளாறு. 1981–1995 ஐடிவி சேனல் நிகழ்ச்சி, படத்தின் அகலத்துக்கும் உயரத்துக்கும் விகிதம் 4:3. அதை 16:9 திரையில் நிரப்பினால் அகலம் மூன்றில் ஒரு பங்கு கூடும். ரிமோட்டில் படவிகிதத்தை 4:3 ஆக்குங்கள். பலகை வட்டமானால் சரி, இருபக்கமும் கறுப்புப் பட்டை இருக்கத்தான் செய்யும். 'ஜூம்' மட்டும் வேண்டாம், மேலும் கீழுமாகக் கால்வாசிப் படம் போய்விடும். எண்கள் அங்கேதானே வரும்!

பதில் 2: பிசிறு வேறு சங்கதி. அந்த வீடியோ நொடிக்கு 25 ஃபிரேம், ஒவ்வொன்றிலும் இரண்டு ஃபீல்டு, அதாவது ஒன்றுவிட்டு ஒன்றான வரிகள் கொண்ட இரண்டு அரைப்படம். கணினியில் மாற்றும்போது டீஇன்டர்லேஸ் செய்து, அதாவது ஒவ்வொரு ஃபீல்டையும் முழுப்படமாக்கி, நொடிக்கு 50 ஃபிரேமாக எடுங்கள். அதற்கு எஃப்எஃப்எம்பெக் மென்பொருளின் யாடிஃப் ஃபில்டர் என்றால் மோட் 1. 25 ஆக்கினால் பிசிறு போகும், கூடவே ஸ்டுடியோ வீடியோவின் வழுக்கும் அசைவும் போய் சினிமா மாதிரி ஆகிவிடும். முதலில் டீஇன்டர்லேஸ், பிறகுதான் அளவு மாற்றம். வரிசை மாறினால் கோடுகள் படத்தோடு கலந்துவிடும், பிறகு பிரிக்கவே முடியாது.

கேள்வி கேட்டவர்: பலகை வட்டமாகிவிட்டது, நன்றி. கடைசிச் சுற்றில் ஜெயிக்க ஜோடி சேர்ந்து 101 புள்ளி எடுக்க வேண்டுமே, அது எப்படிக் கணக்கு?

பதில் 2: ஆறு ஈட்டி. டார்ட்ஸ் ஆடாதவர் மூன்று, ஆடுபவர் மூன்று. முன்னவர் 41 எடுத்துவிட்டால் பின்னவருக்கு மூன்று சிங்கிள் இருபதே (பெருக்கல் இல்லாத வெறும் 20) போதும். முன்னவர் பத்துப் பதினைந்தில் நின்றால் பின்னவர் டிரிபிளை (புள்ளி மும்மடங்காகும் பகுதி) தேட வேண்டிவரும்.