முட்டைக்கோஸ் கருப்பழுகல் நோய்க்கு எதிர்ப்புத் தூண்டிகள் பயன்படுமா?

கோத்தகிரி விவசாயி:
மழை தொடங்கினால் என் முட்டைக்கோஸ் இலைகளின் விளிம்பிலிருந்து ‘வி’ வடிவில் மஞ்சள் படர்ந்து நரம்புகள் கறுத்துவிடுகின்றன. செடியின் சொந்த எதிர்ப்பாற்றலை எழுப்பும் சாலிசிலிக் அமிலம், அசிபென்சோலார் போன்ற தூண்டிகளை இந்த அறிகுறி கண்டபின் தெளித்தால் பலன் இருக்குமா என்று அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

நோயியல் மாணவி:
ஐயா, அறிகுறி தெரிந்தபின் தெளிப்பதால் பெரிய பயன் இராது. இவை கருப்பழுகலை உண்டாக்கும் பாக்டீரியாவை நேரடியாகக் கொல்வதில்லை. தூண்டியின் சைகையால் செல்லின் உட்கருவுக்குள் செல்லும் என்.பி.ஆர்.1 என்ற புரதம் பாதுகாப்பு மரபணுக்களை இயக்கிவிட, செடி முழுவதும் எதிர்ப்பு உருவாகச் சில நாட்கள் ஆகும். இந்தப் பாதையைப் பற்றி நாம் அறிந்தவற்றில் பெரும்பகுதி, கடுகுக் குடும்பத்தின் சிறு செடியான அரபிடாப்சிஸில் நடந்த ஆய்வுகளிலிருந்தே கிடைத்தது என்பதால், அதே குடும்பத்தைச் சேர்ந்த கோஸுக்கு அது அயலான அறிவு அன்று. நாற்றங்காலிலோ, நட்டு வேர் பிடித்தவுடனோ, நோய் வருமுன் தெளிப்பதே முறை.

மலைத்தோட்டம்:
மாணவி கூறியதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். எதிர்ப்புக்காகச் செலவாகும் சத்து வளர்ச்சியிலிருந்தே எடுக்கப்படுகிறது; அளவு மிஞ்சினால் இலை கருகும், செடி குறுகும். ஆகவே ஆய்வகச் சாலிசிலிக் அமிலத்தை வாங்கித் தாமாகவே கரைத்துத் தெளிக்க வேண்டாம் என்று வற்புறுத்திச் சொல்கிறேன். இந்நோய் விதை வழியாகவும் வருவதால், முட்டைக்கோஸ் விதையை 50 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் 25 நிமிடம் வைத்து உடனே குளிர்வித்து உலர்த்துவதும், கிலோ விதைக்கு 10 கிராம் சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியாவைக் கலப்பதும் முதலில் செய்ய வேண்டியவை. சூடோமோனாஸும் செடியின் எதிர்ப்பைத் தூண்டவல்லதே. அது நம் கடைகளில் எளிதில் கிடைக்கிறது.

கோத்தகிரி விவசாயி:
மிக்க நன்றி. அதே தூண்டித் தெளிப்பு, ஆல்டர்னேரியா என்ற பூஞ்சாணத்தால் வரும் இலைப்புள்ளியையும் தடுக்குமா?

நோயியல் மாணவி:
அதை நம்பியிருக்க வேண்டாம், ஐயா. சாலிசிலிக் வழி, உயிருள்ள திசுவில் வாழும் அடிச்சாம்பல், வெண்துரு போன்ற நோய்களுக்கு எதிராகவே வலுவானது. திசுவைக் கொன்று உண்ணும் ஆல்டர்னேரியாவுக்கு எதிராகச் செடி பெரிதும் ஜாஸ்மோனிக் அமிலம் என்ற மற்றொரு பாதுகாப்புச் சைகையின் வழியைச் சார்ந்திருக்கிறது, இவ்விரண்டும் பல நேரங்களில் ஒன்றையொன்று அடக்குகின்றன. இலைப்புள்ளியே உங்கள் வயலின் முதன்மைத் தொல்லையாக இருந்தால், பரிந்துரைக்கப்பட்ட பூஞ்சாணக்கொல்லியையும் பயிர்ச்சுழற்சியையும் கைவிடாதீர்கள். தூண்டியைச் சில வரிசைகளில் மட்டும் தெளித்து, தெளிக்காத வரிசைகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.