உதவித்தொகை மனு: உங்கள் அனுபவம் தேவை

வணக்கம் நண்பர்களே. வறுமையில் வாழ்பவர்களுக்கான உதவித்தொகையை உயர்த்தக் கோரி அரசுக்கு ஒரு மனு தயாரிக்கிறோம். பல இடங்களில் விலைவாசி ஏறினாலும் தொகை அப்படியே நிற்கிறது. அதை விலைக் குறியீட்டோடு இணைக்க வேண்டும் என்பதே முதல் கோரிக்கை. போதிய வாழ்க்கைத் தரம் எல்லோருக்கும் உரிமை என்று சொல்லும் 1948 ஐ.நா. மனித உரிமைப் பிரகடனத்தின் 25ஆம் பிரிவையும், அடிப்படை வருமானப் பாதுகாப்பை வலியுறுத்தும் சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 2012 பரிந்துரையையும் (எண் 202) சேர்த்துவிட்டோம்.

திணறுவது இங்கேதான்: கொஞ்சம் கூலி கிடைத்ததுமே உதவியை மொத்தமாக நிறுத்தும் விதி. மனிதரை வறுமையிலேயே கட்டிப்போடும் கொடுமை அது. படிப்படியாகக் குறைக்கச் சொல்லலாம், ஆனால் எப்படி எழுதுவது? இப்படி உதவியை இழந்தவர்கள் பெயர் குறிப்பிடாமல் நாலு வரி எழுதித் தர முடியுமா? அப்புறம், மக்கள் பிரதிநிதிகளை நேரில் பார்த்து மனு கொடுத்தவர்கள் தயவுசெய்து வழிகாட்டுங்கள்.